மொறிஸ் மைனருக்கு வீட்ஸ் சில்லு: 1.6 மில்லிமீட்டர் "ஒன்றுமில்லை"யா?

கோண்டாவில் ராசன்:
மொறிஸ் மைனர் கார் பற்றிய ஒரு காணொளிக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்ததை நேற்று வாசித்தேன். இன்னும் மனம் ஆறவில்லை. "மைனருக்கு அலோய் சில்லு வேண்டுமென்றால் லண்டனிலிருந்து எடுப்பிக்கத் தேவையில்லை. டொயோட்டா வீட்ஸ் சில்லு அப்படியே ஏறும். வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர்தான், அது ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறார். எழுதியவர் இங்கேயும் இருக்கிறார். அதனால் இங்கேயே கேட்கிறேன்.

மைனரில் ஒரு சில்லைப் பிடிக்கும் நாலு ஸ்டட்டும், அதாவது நட்டு ஏறும் மரைத் தடிகள், 101.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. அதாவது சரியாக 4 அங்குலம். வீட்ஸ், 90களின் கொரோலா, சிவிக் எல்லாம் 100. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சின்னப் பெடியளைக் கழுத்தறுக்காதீர்கள். இருபது வருடம் லேத்தில் நின்றவன் நான். 1.6 என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

மன்னார் சிவா:
என்னைத்தான் சொல்கிறீர்கள் ராசன் அண்ணை. பெயரைச் சொல்லியே எழுதலாம், எனக்குப் பயமில்லை. என்னுடைய 1959 மைனரில் 14 அங்குல வீட்ஸ் சில்லு ஏறி நாலு வருடம். மன்னார் – கொழும்பு எத்தனை தரம் போய் வந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு நட்டு கழன்றதில்லை. 1.6 என்பது வட்டத்தின் விட்டம். ஒரு ஸ்டட்டுக்கு 0.8 தான். நகத்தின் தடிப்பு மாதிரித்தான். சில்லு ஏறியதா? ஏறியது. ஓடுகிறதா? ஓடுகிறது. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நிரோ 96:
அண்ணைமார், என்னிடம் 1098 சிசி மைனர் ஒன்று இருக்கிறது. அப்பப்பாவின் கார். 13 அங்குலச் சில்லு நல்லதா, 14 நல்லதா? எட்டுக் கம்பி மினிலைட் மாதிரித்தான் விருப்பம்.

கோண்டாவில் ராசன்:
சிவா, "ஏறியது" என்பதுதான் உங்கள் ஆதாரம் என்றால், அது ஏன் ஏறியது என்று கேளுங்கள். மைனரின் ஸ்டட் எட்டில் மூன்று அங்குலம், ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். வீட்ஸின் ஸ்டட் 12 மில்லிமீட்டர். 12க்குத் துளைத்த ஓட்டைக்குள் 9.5 தடி போகாமல் எங்கே போகும்? தொளதொளவென்று போகும். ஏறுவது உங்கள் கெட்டித்தனமும் இல்லை, பொருத்தமும் இல்லை. தடி மெலிது, ஓட்டை பெரிது, அவ்வளவுதான்.

இனி நட்டுக்கு வருவோம். நட்டின் கூம்பு ஓட்டையின் கூம்புக்குள் சுற்றிவர ஒரே அளவாக உட்கார வேண்டும். உங்கள் சில்லில் ஓட்டையின் நடு, ஸ்டட்டின் நடுவைவிட 0.8 உள்ளே நிற்கிறது. அப்போது கூம்பு வெளிப்பக்கச் சுவரில் மட்டும்தான் முட்டும், மற்றப் பக்கம் வெளிச்சம் தெரியும். இறுக்க இறுக்க ஸ்டட் உள்நோக்கி வளையும். ஸ்பேனரைப் பிடித்த கைக்கு இறுக்கம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் சில்லை அது பூட்டப்படும் ஹப்போடு சேர்த்து அமுக்க வேண்டிய விசையில் ஒரு பங்கு அந்தச் சுவரோடு உரசியே போய்விடும். பிறகு நட்டு தானாகத் தளரும், இல்லாவிட்டால் ஒருநாள் ஸ்டட் முறியும். 0.8 அந்த இடத்தில் நகத்தின் தடிப்பில்லை.

மன்னார் சிவா:
நாலு வருடம் முறியவில்லையே அண்ணை. 0.8.

அடையாறு ஹெரால்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஸ்டட் வட்டம் 95.25. பக்கத்துக் கடையில் தொங்கும் எந்த அலாயும் கிட்டக்கூட வராது, அதனால் இந்தச் சபலமே எங்களுக்கு இல்லை. நான் கேட்பது வேறு. ஒரிஜினல் என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். தொழிற்சாலையில் இருந்து வந்தது மட்டுமா, அந்தக் காலத்தில் கடையில் வாங்கி மாட்டியதும் சேருமா? இதைச் சொல்லாமல் அளவைப் பற்றிச் சண்டை போட்டால் முடியாது. என்னைக் கேட்டால் ஸ்டீல் வீலும் குரோம் ஹப் கேப்பும்தான் அழகு. அலாயே வேண்டாம்.

அப்புறம், சில்லு என்றால் எங்கள் ஊரில் உடைந்த ஓட்டுத் துண்டு. இரண்டு பதிவு படித்த பிறகுதான் சக்கரத்தைச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது.

கோண்டாவில் ராசன்:
மாட்டு வண்டிலுக்கும் சைக்கிளுக்கும் எங்கள் பாட்டன் பூட்டன் சில்லு என்றுதான் சொன்னார்கள். நீங்கள் "வீல்" என்று எழுதிவிட்டு எங்களுக்குத் தமிழ் படிப்பிக்க வேண்டாம் ஐயா. ரயரை டயர் என்கிறீர்கள், நாங்கள் ஏதாவது சொன்னோமா?

அடையாறு ஹெரால்டு:
படிப்பிக்கவில்லை சார், புரியவில்லை என்றேன். ஒரிஜினல் என்றால் என்ன என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

லூசியம் சுதா:
ஹெரால்டு அண்ணா, அலோய் என்றாலே புதுசு என்று நினைக்கிறீர்கள், அதுதான் பிழை. மினிலைட் 1960களிலேயே வந்துவிட்டது. அப்போது அது மக்னீசியம் வார்ப்பு. மினி கூப்பர்கள் ராலிகளில் ஓடிய சில்லு அதுதான். மைனரின் கடைசி வண்டிகள் 1971 வரை வந்தன. இரண்டும் ஒரே தெருவில் ஓடியவை. மினிலைட் போட்ட மைனரைப் பார்த்து "காலத்துக்கு ஒவ்வாதது" என்று இங்கே இங்கிலாந்தில் யாரும் சொல்வதில்லை. 70களின் வோல்ஃப்ரேஸ், கொஸ்மிக் அலோய்களைக் கூடப் பலர் போடுகிறார்கள், ஆனால் என் கண்ணுக்கு அவை மைனரின் உருண்டை முகத்தோடு சேர்வதில்லை. இன்னொன்று, றோஸ்டைல் சில்லைப் பலர் அலோய் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது அழுத்திச் செய்த இரும்பு.

நிரோ தம்பி, என்னுடையதில் 13 அங்குலச் சில்லு, 5.5 அங்குல அகலம், ரயர் 175/70, அதாவது 175 மில்லிமீட்டர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம். பழைய 145/80 14ஐ விட முழு உயரம் 12 மில்லிமீட்டர் அளவு குறையும். வேகமானி கொஞ்சம் கூடக் காட்டும், அவ்வளவுதான்.

கோண்டாவில் ராசன்:
இங்கிலாந்தில் சொல்வதில்லை, இங்கிலாந்தில் போடுகிறார்கள். சுதா, அந்த இங்கிலாந்துக்கே மைனர் சாமான் இலங்கையில் செய்து அனுப்பியிருக்கிறார்கள், மறக்க வேண்டாம். போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை போட்டபோது யாழ்ப்பாணத்தில் இந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகை மண்டலமாக ஓடினோம். இந்தக் காரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுடைய 13 அங்குல சில்லின் ஸ்டட் வட்டம் என்ன? 101.6 தானே? அதைச் சொல்லுங்கள், சிவா கேட்கட்டும்.

லூசியம் சுதா:
101.6 தான். மைனருக்கென்றே வார்த்த சில்லு. ஆனால் நீங்கள் ஏன் என்னோடு கோபிக்கிறீர்கள் என்று விளங்கவில்லை. நானும் வடமராட்சிதான், அந்தப் புகையை நானும் குடித்தவள்.

மன்னார் சிவா:
ராசன் அண்ணை மண்ணெண்ணெயில் ஓட்டினால் அது வீரம். நான் வீட்ஸ் சில்லில் ஓட்டினால் அது கழுத்தறுப்பு. மண்ணெண்ணெய் விட்டு எத்தனை எஞ்சின் வால்வு கருகியது? அப்போது தொழிற்சாலை சொன்ன அளவு எங்கே போனது? இல்லாத காலத்தில் இருப்பதை வைத்து ஓட்டினோம். இன்றும் அதையேதான் செய்கிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எல்லாம் யானை விலைக்குப் போனது. லண்டனில் இருந்து நாலு சில்லு எடுப்பிக்க என்னால் முடியாது. 0.8.

கோண்டாவில் ராசன்:
எஞ்சின் கருகினால் வண்டி வீதியோரம் நிற்கும். சில்லு கழன்றால் வண்டி வீதியோரம் நிற்காது தம்பி.

போன வருடமும் இப்படித்தான். பொசிட்டிவ் ஏர்த் வண்டியில், அதாவது பற்றரியின் நேர் முனையை பொடியோடு கொழுவிய வண்டியில், அப்படியே ஆல்ட்டர்நேட்டரைக் கொழுவாதே என்று தலை தலையாய் அடித்துக்கொண்டேன். "ஒன்றுமில்லை" என்றீர்கள். பிறகு டயோட் போய் இங்கேயே வந்து கேட்டீர்கள். அந்தப் பதிவை நான் இன்னும் மறக்கவில்லை.

மன்னார் சிவா:
வந்துவிட்டது ஆல்ட்டர்நேட்டர் கதை. அதைத் திருத்தி ஒரு வருடமாக ஓடுகிறது. சில்லைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லையென்றால்தான் அதை எடுப்பீர்கள்.

கோண்டாவில் ராசன்:
சில்லைப் பற்றியே சொல்கிறேன். 1.6 மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்தால் அதுவும் பிழை. வீட்ஸ் முன்சில்லு இழுவை வண்டி. அப்படிப்பட்ட வண்டிகளின் சில்லு உள்ளே ஆழமாக உட்காரும்படி வார்க்கப்படும், ஆஃப்செட், அதாவது சில்லின் அகலத்தின் நடுவுக்கும் ஹப்பில் முட்டும் முகத்துக்கும் இடையிலான தூரம், ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். மைனரில் போட்டால் சில்லு முழுதும் உள்ளே இழுபடும். முன்னால் ஸ்டியரிங் கை, பின்னால் லீஃப் ஸ்பிரிங், இரண்டிலும் ரயர் எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பாருங்கள். சில்லை வெளியே தள்ள ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு வளையம், போடுவீர்கள். ஸ்பேசர் போட்டால் ஸ்டட்டில் நட்டு பிடிக்க மரை குறையும். 9.5 தடியில் மூன்று சுற்றுப் பிடித்த நட்டு, அதுவும் ஒரு பக்கம் மட்டும் முட்டிக்கொண்டு! ஸ்பேசர் போட்டிருக்கிறீர்களா இல்லையா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

மன்னார் சிவா:
10 மில்லிமீட்டர் போட்டிருக்கிறேன். நீளமான ஸ்டட்டும் போட்டிருக்கிறேன். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

கோண்டாவில் ராசன்:
ஸ்டட்டை மாற்றத் தெரிந்தவருக்கு வட்டத்தை மாற்றத் தெரியவில்லை. 1.6.

அடையாறு ஹெரால்டு:
நட்டு ஓட்டையின் நடுவில் உட்காருவது பற்றி ராசன் சார் சொல்வது நியாயம்தான். ஒரு பட்டறையில் என் நண்பரின் பழைய ஃபியட்டுக்கு இப்படிப் பொருந்தாத அலாயை ஏற்றிக் கொடுத்தார்கள். 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறியது. பேலன்ஸ் மூன்று முறை செய்தும் போகவில்லை. முதலில் இறுக்கும் நட்டின் பக்கம் வீல் நகர்ந்துவிடுகிறது, அதனால் நடு தப்புகிறது. ஸ்டீல் வீலுக்குத் திரும்பியதும் நின்றது. அதனால்தான் சொல்கிறேன், ஸ்டீல் வீலே போதும்.

மன்னார் சிவா:
உதறல் எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. அது கீழ் டிரனியன், முன்சில்லைத் தாங்கும் மரை மூட்டு. கிறீஸ் அடிக்காமல் விட்டதில் மரை தேய்ந்திருந்தது. மாற்றியதும் குறைந்துவிட்டது. மைனர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், அது தேய்ந்தால் முன்சில்லு மடிந்தே விழும். அதைப் பற்றி யாரும் கத்துவதில்லை. 0.8க்குத்தான் கத்துகிறீர்கள்.

கோண்டாவில் ராசன்:
"குறைந்துவிட்டது" என்கிறீர்கள். போய்விட்டது என்று சொல்லவில்லை. எல்லோரும் இதைக் கவனியுங்கள். குறைந்துவிட்டது!

லூசியம் சுதா:
சண்டையில் நிரோ கேட்டது போய்விட்டது. தம்பி, முன்னால் டிஸ்க் பிரேக் போடும் எண்ணம் இருந்தால் 13க்குள் கலிப்பர் இடிக்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். டிரம் என்றால் பிரச்சினையில்லை. 15க்கு மேல் மட்டும் போகாதீர்கள். இங்கே ஒருவர் 205/40 17 போட்டு வந்தார். முழு உயரம் கணக்கில் சரிதான், ஆனால் பார்வைக்கு ரயர் இல்லாத வண்டி மாதிரி இருந்தது. இசிகோனிஸ் இந்தக் காரை வரைந்தபோது மற்றவர்கள் பெரிய சில்லில் நின்றார்கள், அவர் 14 வைத்து நாலு மூலைக்கும் தள்ளினார். பிறகு மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறது என்று நடுவால் வெட்டி 4 அங்குலம் அகட்டினார். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். அந்த அகலத்துக்கும் சில்லுக்கும் ஒரு அளவு இருக்கிறது. 17 அதைக் கெடுத்துவிடும்.

கோண்டாவில் ராசன்:
14ஐ விட்டு 13க்குப் போனாலும் கெடும் சுதா. மட்கார்ட்டின் வளைவுக்குள் ஓட்டை விழுந்த மாதிரி நிற்கும். மைனருக்கு 14. 14க்கு 5.5, 101.6 வட்டம், 165/70 ரயர். இதுதான் என் முடிவு. மினிலைட் மாதிரி எடுத்தால் அலுமினியத்தில் எடு தம்பி நிரோ. பழைய மக்னீசியம் மலிவாக வந்தாலும் தொடாதே, எங்கள் கடல் காற்றுக்கு அது அரித்துவிடும்.

லூசியம் சுதா:
ஓட்டை விழுந்த மாதிரியா? என் காரின் படத்துக்கு நீங்களே இரண்டு மாதத்துக்கு முன் "வடிவு" என்று எழுதினீர்கள் ராசன் அண்ணை.

கோண்டாவில் ராசன்:
நிறத்தைச் சொன்னேன்.

மன்னார் சிவா:
இப்போது சுதாவோடு. நாளைக்கு நிரோவோடு. எல்லோருக்கும் பிழை, இவர் ஒருவருக்குத்தான் சரி. நான் வருகிற ஞாயிறு இதே சில்லில் பருத்தித்துறை வருகிறேன். முடிந்தால் வந்து பாருங்கள்.

கோண்டாவில் ராசன்:
வருகிறேன். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜோடு வருகிறேன். ஒரு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, உள்பக்கம் எத்தனை இடைவெளி என்று எல்லோருக்கும் படம் போடுகிறேன். ஸ்டட்டையும் கழற்றிக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்ப்போம்.

மன்னார் சிவா:
என் வண்டியில் யாரும் நட்டுத் தளர்த்தத் தேவையில்லை. பார்க்கத்தான் சொன்னேன்.

நிரோ 96:
அப்பாவிடம் கேட்டேன். இரும்புச் சில்லையே பெயின்ட் அடித்துப் போடச் சொல்கிறார். அதன் துளை வட்டத்தை எப்படி அளப்பது? அடிமட்டம் வைத்தால் 102 மாதிரி வருகிறது.

கோண்டாவில் ராசன்:
காரில் எதிரெதிராக நிற்கும் இரண்டு ஸ்டட்டைப் பார். ஒன்றின் வெளி விளிம்பில் இருந்து மற்றதின் உள் விளிம்பு வரை வேர்னியர் வைத்து அள. அடிமட்டம் வேண்டாம் தம்பி, அதால் 1.6ஐப் பிடிக்க முடியாது. வேர்னியர் இல்லையென்றால் என்னிடம் வா, தருகிறேன். சிவா, தளர்த்த விடாவிட்டால் நட்டின் படத்தை நீங்களாவது போடுங்கள்.