பொறுப்பேற்பு, காத்திருப்பு வழங்கி: இரண்டு சொற்களுக்குப் பரிந்துரை

வணக்கம்.

கிளை அலுவலகங்களுக்கான தரவுத்தளக் கையேட்டில் இரண்டு சொற்கள் இன்னும் இழுபறியாக இருக்கின்றன. ஏற்கெனவே முன்மொழியப்பட்டவற்றை மேற்கோளாகக் கொடுத்து, கீழே என் கருத்தைச் சொல்கிறேன்.

> ஃபெயிலோவர்: தோல்வி மாற்றம்

வேண்டாமே. மாற்றமே தோற்றுப்போனது போலத் தொனிக்கிறது. ‘கைமாற்று’ காதுக்கு இனிமைதான், ஆனால் அது வட்டியில்லாக் கடன். வங்கி மென்பொருளில் போட்டால் வம்பு. முதன்மை வழங்கி (சர்வர்) படுத்துவிட்டால் இன்னொன்று வேலையைக் கையில் எடுக்கிறது. அதனால் ‘பொறுப்பேற்பு’ என்கிறேன். பராமரிப்புக்காக நாமே நேரம் குறித்து மாற்றுவது ‘பொறுப்பு மாற்றம்’. நகலாக்கம் (முதன்மையின் தரவை மற்ற வழங்கிக்குப் படியெடுப்பது) சற்றுப் பின்தங்கி ஓடினால், முன்னதில் கடைசிச் சில பரிவர்த்தனைகள் தொலையலாம். பின்னதில் தொலையக் கூடாது.

> பேசிவ் சர்வர்: செயலற்ற வழங்கி

இதுதான் உறுத்துகிறது. அது சும்மா கிடப்பதில்லை, முதன்மையின் பதிவுகளை ஓயாமல் வாங்கி எழுதுகிறது. பயனரின் வினவலுக்கு மட்டும் பதில் சொல்லாது. உரிமக் கணக்கே இதில்தான் தொங்குகிறது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வருக்குக் கோர்வழி உரிமத்தோடு (செயலியின் கோர்களை எண்ணி வாங்குவது) சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற கூடுதல் சந்தாவும் இருந்தால், பொறுப்பேற்கக் காத்திருக்கும் வழங்கிக்குத் தனி உரிமம் வேண்டாம். ‘செயலற்றதுதானே’ என்று கிளையில் யாராவது மாதாந்திர அறிக்கையை அதில் ஓட்டினால் சலுகை போச்சு, முழு உரிமம் வாங்க வேண்டும். ஆகவே ‘காத்திருப்பு வழங்கி’. அறிக்கைக்குத் திறந்துவிட்டால் ‘வாசிப்பு நகல்’. திறமூலத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎலில் உரிமக் கட்டணம் இல்லை, ஆனாலும் இந்தப் பிரிவினை அங்கேயும் உதவும்.

அணுகல் உரிமத்துக்கு (கோரை எண்ணாமல், வழங்கியை அணுகும் ஆளையோ கருவியையோ எண்ணி வாங்குவது) ‘ஆள்வழி’, ‘கருவிவழி’ என்று ஏற்கெனவே வந்த யோசனை எனக்குச் சம்மதம். ஷிப்டு மாறி ஒரே கணினியில் மூவர் உட்காரும் கிளைக்குக் கருவிவழி லாபம்; ஒருவரே மேசைக்கணினி, மடிக்கணினி, ஃபோன் என்று நுழைந்தால் ஆள்வழி. நடுவில் ஒரு வலைச்செயலியை வைத்து எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதற்குப் பின்னால் இருப்பவர்களையும் எண்ணத்தான் வேண்டும்.

அப்புறம், இணைப்பு அறுந்ததும் கிளையில் உள்ள காத்திருப்பு வழங்கி, தலைமையகத்து வழங்கி செத்துவிட்டதாக எண்ணித் தானும் முதன்மையாகிவிட்டால்? இரண்டிலும் தனித்தனியே பதிவு ஏறும். பிறகு ஒட்டவைப்பது பெரும்பாடு. இதைத் தடுக்கத்தான் யார் முதன்மை என்று முடிவு செய்ய உதவும் சாட்சி வழங்கி ஒன்றை மூன்றாவதாக வேறிடத்தில் வைக்கிறோம். இரண்டும் முதன்மையாகிவிடும் நிலைக்கு ‘இருதலை நிலை’ என்று வைக்கலாமா? இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.