அம்மாயி சொல்வதைப் பதிவு செய்வதா, கெசட்டியரே போதுமா?

நாகலூர்ப் பேரன் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டில் இருக்கிறார். பிறந்தது பார்த்திப வருஷம் ஆடி மாதம் என்பார். கணக்குப் போட்டால் 1945 வருகிறது. எட்டு வயதில், விஜய வருஷத்தில், அப்பா அம்மாவோடு அரூர்ப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்தவர். அப்போது அரூரும் சேலம் மாவட்டம்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்.

பஸ்ஸுக்குக் காசில்லாமல் குப்பனூர்ப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறியிருக்கிறார்கள். அவருடைய அப்பா தலையில் கேழ்வரகு மூட்டை, அம்மா இடுப்பில் கைக்குழந்தை, இவர் கையில் கூடைக்குள் ஒரு பெட்டைக்கோழி. மேலே போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி, குளிர் தாங்காமல் அந்தக் கோழியை மடியில் அணைத்துக்கொண்டு தூங்கியதாகச் சொல்வார்.

வந்த வேலை, காடு வெட்டிப் புதிதாகக் காபி வைப்பது. போன மாதம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, "குழி எவ்வளவு ஆழம் அம்மாயி?" என்று சும்மாதான் கேட்டேன். வாயால் பதில் சொல்லவில்லை. வலது கையைத் தரையில் செங்குத்தாக நிறுத்தினார். விரல் நுனி தரையில், முழங்கை மேலே. "இவ்வளவு. என் கையில்ல, எங்கப்பன் கை. அதே நீளம், அதே அகலம்" என்றார். முழம் என்றால் ஒன்றரை அடி. இன்றைக்கும் காபிக் குழிக்கு 45 சென்டிமீட்டர்தான் சொல்கிறார்கள். அப்புறம் அவராகவே, "குழிக்குள்ள கெடக்கிற கல்லப் பொறுக்கறது எங்க வேல. பெரியாளு கை உள்ள திரும்பாது, புள்ளைங்க கைதான் திரும்பும்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனுஷி கூடவே இருந்தும் இதை நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் முறையாகப் பதிவு செய்யலாம் என்று வீட்டில் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நிறையப் படிப்பவர். "1918இலேயே ரிச்சர்ட்ஸ் எழுதின சேலம் கெசட்டியர், அதான் மாவட்ட விவரமெல்லாம் தொகுத்த அரசாங்கப் புத்தகம், வந்தாச்சு. அதுக்கு முன்னாடி 1883இல் லெஃபானு எழுதின மேனுவல் இருக்கு. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரியும். அம்மா சொல்றதுக்கு என்னடா ஆதாரம்?" என்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஏனென்றால் அம்மாயி, "மொதமொத காபி கொண்டாந்த தொர எங்கப்பனுக்குக் கம்பளி குடுத்தாரு" என்று அடித்துச் சொல்கிறார். காபி வந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அம்மாயியே பிறக்கிறார்!

என் கேள்வி இதுதான். இப்படித் தப்பும் சரியுமாகக் கலந்து வருகிற பேச்சைப் பதிவு செய்வதால், எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்காவது பிரயோஜனம் உண்டா? உண்டென்றால் எப்படிச் செய்வது? பொங்கலுக்குப் பிறகு அவருக்குப் பெயர்கள் மறக்க ஆரம்பித்திருக்கின்றன. அதிக நாள் தள்ளிப்போட முடியாது.

---

தோட்டத்து ரைட்டர்:

தம்பி, நான் சேர்வராயன் மலையில் இரண்டு எஸ்டேட்டுகளில் 31 வருஷம் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்தவன். செக்ரோல் என்கிற வருகை, கூலிப் பதிவேடு எழுதியே கண் போனது. உங்கள் மாமா நம்புகிற காகிதத்தை எழுதின ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

செக்ரோலில் என்ன இருக்கும்? பெயர், தகப்பன் பெயர் அல்லது புருஷன் பெயர், எத்தனை நாள் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) வந்தார், எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம் பிடித்தது. அவ்வளவுதான். தாயோடு கூட வந்து வேலை செய்த பிள்ளை அதில் இருக்காது. அட்டை கடித்த கால் இருக்காது. பழம் எடுக்கிற நாளில், கைக்குழந்தையைச் சில்வர் ஓக் மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நாலு வரிசை தள்ளிப் போய்விட்ட தாய், அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று கையை நிறுத்தி நிறுத்திப் பழம் உருவுவாளே, அது எந்தப் பேரேட்டில் ஏறும்? நான் பார்த்திருக்கிறேன், எழுதியதில்லை. எழுதுவதற்கு அதில் கட்டமே கிடையாது.

கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மழைக்கும் குளிருக்கும் தொழிலாளிக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு மாதிரியானவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என அதில் ஒரு பிரிவு உண்டு. உங்கள் அம்மாயி வந்தது 1953 என்கிறீர்கள். பொருந்துகிறதா, பாருங்கள். துரை மனசு இரங்கிக் கொடுத்ததாக அந்தக் குடும்பம் நினைவில் வைத்திருக்கிற கம்பளி, சட்டப்படி வந்த கம்பளியாகவும் இருக்கலாம். சட்டம் வந்ததைத் தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீட்டுக்குப் போய் யார் சொன்னார்கள்? நாங்களும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அதனால் அடுத்த முறை துரையைப் பற்றிக் கேட்காதீர்கள். கம்பளியைப் பற்றிக் கேளுங்கள்.

---

கிணற்றடி வரலாறு:

அண்ணா, நான் வரலாறு முதுகலை படிக்கிறேன். வாய்மொழி வரலாறு என் விருப்பப் பாடம். உங்கள் கேள்வியைப் படித்ததும் அமெரிக்காவின் ஓக்லஹோமா ஞாபகம் வந்தது.

1889 ஏப்ரல் 22, நண்பகல். அங்கே பழங்குடிகளுக்கென்று ஒதுக்கியிருந்த பகுதியின் நடுவிலிருந்த நிலத்தை அரசாங்கம் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. குதிரையிலும் வண்டியிலும் ஓடிப்போய், யார் முதலில் முளை அடிக்கிறார்களோ அவர்களுக்கு நிலம். அரசாங்கக் காகிதத்தில் இது ஏக்கர் கணக்காக இருக்கிறது. 1930களின் பிற்பாதியில், பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுக்கிற திட்டத்தின் கீழ், நூறு பேருக்கு மேல் கிளம்பி ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் பேசினார்கள். 11,000 பேட்டிகளுக்கு மேல் சேர்ந்தன. அந்த மாதிரிப் பேச்சில்தான் வாழ்க்கை வெளியே வருகிறது. மரமில்லாத புல்வெளியில் புல்லோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் கட்டிய வீடு, தண்ணீருக்கு மைல் கணக்கில் அலைந்தது, விறகில்லாமல் காய்ந்த சாணியைப் பொறுக்கி எரித்தது. நம் வரட்டிதான் அண்ணா! அதே தொகுப்பில் குடியேறினவர்களும் பேசுகிறார்கள், அந்த மண்ணில் ஏற்கனவே இருந்த பழங்குடிகளும் பேசுகிறார்கள்.

ஆனால் அவை பெரும்பாலும் கையால் குறித்துக்கொண்டு பிறகு தட்டச்சு செய்தவை. கேட்டவர் எதை விட்டார், எதைத் திருத்தினார் என்று இப்போது தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் கையில் போன் இருக்கிறது. அம்மாயியின் குரலே இருக்கும், அவர் பேசாமல் நிறுத்துகிற இடமும் இருக்கும்.

தப்பான தேதிக்கு ஒரு உதாரணம். இத்தாலியில் டெர்னி என்ற இரும்பாலை ஊரில் லூயிஜி திரஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி 1949இல் போலீஸ் கையால் இறந்தார். நேட்டோவில் இத்தாலி சேருவதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. ஆனால் பிற்காலத்தில் கேட்டபோது பலரும், அவர் இறந்தது 1953இல், ஆயிரக்கணக்கான பேரை வேலையைவிட்டு நீக்கியபோது நடந்த கலவரத்தில் என்றார்கள். ஊரே சேர்ந்து தேதியை மாற்றி வைத்திருக்கிறது. அந்த ஊரை உடைத்தது வேலைநீக்கம். அதனால் அந்தச் சாவும் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. ஆதாரத்தோடு ஒத்துப் பார்த்துத் தேதி தப்பு என்று குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காகப் பேட்டியைத் தூக்கிப் போடக் கூடாது. நூறு வருஷத்தில் வந்துபோன துரைகள் எல்லாம் உங்கள் அம்மாயிக்கு ஏன் ஒரே துரையாகத் தெரிகிறார்கள்? எனக்கு அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

---

சாமைக்காடு:

நான் மலையாளிப் பழங்குடி. சேர்வராயன் மலைக்காரன், கேரளாக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் என்றும், மூத்தவர் பெரியண்ணன் இந்த மலையில் தங்கினார் என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

பேரன் எழுதியதைப் படித்தேன். அம்மாயியின் கை தரையில் நின்ற இடத்தில் நானும் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "காடு வெட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எல்லா இடத்திலும் சும்மா கிடந்த காடு இல்லை. எங்கள் ஆட்கள் கொத்துக்காடு போட்டுச் சாமையும் தினையும் விதைத்து, ரெண்டு மூணு வருஷம் கழித்து மண் ஆறட்டும் என்று விட்டுவைத்த இடமும் அதில் உண்டு. பார்க்கிறவர்களுக்குப் புதராகத் தெரியும். எங்கள் அப்பாவுக்கு அது யாருடைய காடு, எந்த வருஷம் கடைசியாக விதைத்தது எல்லாம் தெரியும். காகிதத்தில் அது தரிசு.

நானும் அப்பாவைப் பதிவு செய்கிறேன். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். கூட நடந்தால் நிறுத்த முடியாது. ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார். எந்த வரைபடத்திலும் அந்தப் பேர்கள் இல்லை.

அம்மாயியிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். அவர்கள் குழி வெட்டின சரிவுக்கு, எஸ்டேட் நம்பர் போடுவதற்கு முன்னால் என்ன பேர்?

---

ஒலிப்பெட்டி:

எப்படிச் செய்வது என்று கேட்டீர்களே, என் அனுபவத்தைச் சொல்கிறேன். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள்; வெறும் தரையில் வைத்தால் பாத்திரம் நகர்த்துகிற சத்தம்கூட இடி மாதிரி விழும். முதலில் தேதி, இடம், அவர் பெயர், "பதிவு பண்ணட்டுமா?" என்று கேட்டு அவர் சரி சொல்வது, எல்லாம் குரலிலேயே இருக்கட்டும். வருஷம் கேட்காதீர்கள். "பெரியம்மா பொறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?", "சீனாச் சண்டைக்கு முன்னாடியா?" என்று கேட்டால் தானாக வரும். அவர் நிறுத்தினால் நீங்களும் சும்மா இருங்கள். உடனே அடுத்த கேள்விக்குத் தாவினால், வர இருந்தது உள்ளேயே போய்விடும். திருத்தவே திருத்தாதீர்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். பக்கத்து லைன்காரர்களைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தூக்கி யூடியூபில் போட்டுவிடாதீர்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

---

நாகலூர்ப் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். மாமாவும், "நீ என்னதான் கேக்கறேன்னு பாக்கறேன்" என்று கூட வந்தார். 1 மணி 12 நிமிஷம் பதிவாகியிருக்கிறது.

ரைட்டர் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே துரையை விட்டுவிட்டுக் கம்பளியைக் கேட்டேன். கறுப்புக் கம்பளி, ஓரத்தில் சிவப்புக் கோடு, நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும். ஆபீஸ் திண்ணையில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா பேரேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் ஒட்டின மையைத் திண்ணைத் தூணில் தேய்த்தாராம். எல்லாரும் அதே தூணில்தான் தேய்ப்பார்களாம். "எங்கப்பன் வெரலு எதுன்னு எனக்குத் தெரியும். போம்போதெல்லாம் பாப்பேன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "எம் பேரு பொஸ்தகத்துல ஏறுனப்ப எனக்குப் பதினாலு வயசு. அதுவரைக்கும் கல்லுப் பொறுக்குனது யாரு பேர்ல போச்சோ."

வரலாறு படிக்கிற தங்கச்சி, துரையையும் கடைசியில் கேட்டேன். கம்பளி கொடுத்தவரை அவர் பார்த்ததே இல்லை. "தொரைன்னா ஜீப்புச் சத்தம். சத்தம் கேட்டா நாங்க செடிக்குள்ள குனிஞ்சுக்குவோம். மொகத்த யாரு பாத்தா?" என்றார்.

மாமா அதுவரை திண்ணையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, "அம்மா, அந்தக் கோழி என்னாச்சு?" என்று கேட்டார். அறுபது வயது மகன் கேட்டதும் அம்மாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த மூணாம் மாசம் அதைக் கொடுத்து உப்பும் நாலு படி சாமையும் வாங்கினார்களாம். வாங்கிக்கொண்டது ஒரு மலையாளி அம்மா. சாமையை எப்படிக் குத்துவது என்று இவருடைய அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தானாம்.

சாமைக்காடு அண்ணா, உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்தது. அந்தச் சரிவை அந்த அம்மா "தொம்பமேடு" என்று சொல்வாராம். முன்பு அங்கே அவர்கள் தானியம் சேர்த்து வைக்கிற தொம்பை இருந்த இடம் என்று சொன்னதாக அம்மாயிக்கு ஞாபகம். கீழ்ப்பக்கம் ஒரு ஓடை, ஓடைக்கு மேலே பலா மரம் இரண்டு. உங்கள் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறீர்களா? அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன். உங்கள் அப்பா கூட நடக்கச் சம்மதித்தால் அம்மாயியை ஆட்டோவில் அந்தச் சரிவு வரைக்கும் கூட்டி வருகிறேன்.