மின்தடையின்போது நின்றுவிடும் கூரைச் சூரிய இன்வெர்ட்டரைப் பழைய யு.பி.எஸ்ஸுடன் இணைக்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையில் 540 வாட் சூரியத் தகடுகள் ஆறும், மின்வாரிய இணைப்போடு இயங்கும் 3 கிலோவாட் கிரிட்-டை இன்வெர்ட்டரும் உள்ளன. உச்சி வெயிலில் மின்தடை ஏற்பட்டாலும் அந்த இன்வெர்ட்டர் உடனே நின்றுவிடுகிறது. வீட்டில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியுடன் ஒரு ஹோம் யு.பி.எஸ் இருக்கிறது. அதன் 230 வோல்ட் வெளியீட்டைக் கொடுத்தால், மின்சாரம் வந்துவிட்டதாகக் கருதிச் சூரிய இன்வெர்ட்டர் மறுபடி இயங்குமா?

முதல் பதில்

வணக்கம் ஐயா. தயவுசெய்து இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் நிற்பது கோளாறு அன்று. மின்தடையின்போது கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரை உங்கள் கூரையிலிருந்து பாயும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே, கம்பியில் 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் இல்லாதபோது அது தானாக விலகிக்கொள்கிறது.

யு.பி.எஸ்ஸின் வெளியீடு மின்வாரிய மின்சாரத்தைப் போல சீராக ஏறி இறங்கும் தூய சைன் அலையாக இல்லாவிட்டால் சூரிய இன்வெர்ட்டர் அதை ஏற்காது. ஏற்றுக்கொண்டால்தான் ஆபத்து. தகடுகள் 3 கிலோவாட் தரும் நேரத்தில் வீட்டின் தேவை 400 வாட் மட்டுமே என்றால், மீதி 2,600 வாட் யு.பி.எஸ்ஸுக்குள் பின்னோக்கிப் பாய்ந்து, அதன் மின்மாற்றி வழியாகப் பேட்டரியை அடையும். 12 வோல்ட்டில் அது 200 ஆம்பியருக்கும் அதிகம். உங்கள் பேட்டரிக்கு உகந்ததோ ஏறத்தாழ 15 ஆம்பியர். இந்தப் பின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி சாதாரண யு.பி.எஸ்ஸில் இல்லாததால், மின்னழுத்தம் ஏறி யு.பி.எஸ் எரியலாம், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது முற்றிலும் சரி. பின்னோட்டத்தை ஆளத் தெரிந்த இருதிசை இன்வெர்ட்டர்கள் உண்டு. பேட்டரி நிரம்பியதும் அவை அதிர்வெண்ணைச் சற்று உயர்த்த, அதைக் கண்டு சூரிய இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் அளவுக்கு, தகடுகள், பேட்டரி, மின்வாரிய இணைப்பு மூன்றையும் ஒன்றாகக் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரே பொருத்தம் என்பது என் கருத்து. அதில் தகடுகளின் மின்சாரம் ஏசியாக மாறுவதற்கு முன்பே டிசி நிலையில் பேட்டரிக்குச் செல்வதால், மாற்றத்தில் ஏற்படும் இழப்பு குறைகிறது.

பேட்டரியை 48 வோல்ட்டில் தேர்ந்தெடுங்கள். 3 கிலோவாட்டுக்கு 12 வோல்ட்டில் 250 ஆம்பியர் ஓட வேண்டியிருக்க, 48 வோல்ட்டில் 63 ஆம்பியர் போதும்; கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கினால், 48 வோல்ட் வகையில் ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் உள்ள 16 செல்களைக் கொண்டு 51.2 வோல்ட் தரும் தொகுப்பே வழக்கம். அதன் பி.எம்.எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பகுதி), நீங்கள் வாங்கும் இன்வெர்ட்டருடன் தகவல் பரிமாறக்கூடியதா என்பதைக் கேட்டறியுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு இன்வெர்ட்டரை மட்டும் மாற்ற முடியுமா?

இரண்டாம் பதில் அளித்தவர்

முடியும், ஆனால் மின்னழுத்தத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஆறு தகடுகளும் தொடராக இணைந்திருந்தால் திறந்தசுற்று மின்னழுத்தம் (மின்னோட்டம் எடுக்காதபோது உள்ள மின்னழுத்தம்) 300 வோல்ட்டை நெருங்கும். குளிர்ந்த காலையில் இன்னும் சற்று உயரும். விலை குறைந்த சில ஹைப்ரிட் மாதிரிகள் 150 வோல்ட்டுக்கு மேல் ஏற்பதில்லை. அவற்றில் இணைத்தால் உள்ளீட்டுப் பகுதி அந்தக் கணமே பழுதாகிவிடும். நெட் மீட்டரிங் (மிகுதி மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளும் முறை) அனுமதி பழைய இன்வெர்ட்டருக்கு வாங்கியது என்பதால், மாற்றும் முன் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.