இடக்காதைப் பாருங்கள்: அர்த்தநாரியை அடையாளம் காண

கோஷ்டத்தில், அதாவது கருவறை வெளிச்சுவரின் மாடத்தில், வலப்பாதி சிவனும் இடப்பாதி உமையுமான அர்த்தநாரியைத் தேடுகிறவர்கள் முதலில் மார்பைத்தான் பார்க்கிறார்கள். ஏமாறுவதும் அங்கேதான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, மேலே ஒரு துண்டைச் சுற்றியிருப்பார்கள், ஒன்றும் பிடிபடாது. காதிலிருந்து தொடங்குங்கள். வலக்காதில் ஆண் காதணியான குழை, இடக்காதில் வட்டத் தோடு. அடுத்தது இடுப்பு. பெண்பாதியில் இடை ஒடுங்கி, இடுப்பு வெளியே தள்ளி நிற்கும்; துணி கட்டினாலும் அந்த வளைவு மறையாது. கடைசியாகப் பாதம்: வலக்காலில் ஆண் காலணியான கழல் என்ற வளையம், இடக்காலில் சிலம்பு. பூக்குவியல் இல்லாத நேரம் பார்த்துப் போகவேண்டும்.

இடப்பக்கம் என்றால் சிலையின் இடப்பக்கம். எதிரே நிற்கும் நமக்கு அது வலக்கைப் பக்கம். கண்ணாடி போலத் திருப்பி அச்சிட்ட படங்கள் ஏராளம் உலவுகின்றன. அதை நம்பி "இங்கே மட்டும் அம்மன் வலப்பக்கம்" என்று எழுதிவிடாதீர்கள். பின்னணியில் ஏதாவது எழுத்து தெரிந்தால் அதைப் படித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

*

காது சரி, ஆனால் காது மட்டும் போதாது. நடராசருக்கும், உமையோடும் குழந்தை முருகனோடும் அமர்ந்த சோமாஸ்கந்தருக்கும் கூட ஒரு காதில் குழை, மறு காதில் தோடு வைத்து வார்ப்பதுண்டு. உடம்பு முழுக்க ஆணாக இருக்கும். இடக்காது மட்டும் அம்மையின் காது. சம்பந்தர் தேவாரம் "தோடுடைய செவியன்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்வது இதைத்தான். அதனால் தோடு கண்ணில் பட்டதும் அர்த்தநாரி என்று முடிவுகட்ட வேண்டாம். தோடு, இடுப்பு இரண்டும் சேர வேண்டும்.

பட்டியலாகவே வேண்டுமானால் திருவாசகத்தில் திருக்கோத்தும்பி இருக்கிறது: "தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும் பால்வெள்ளை நீறும் பசுஞ்சாந்தும் பைங்கிளியும் சூலமும் தொக்க வளையும்". சோடி சோடியாகப் பிரித்துப் படியுங்கள். தோல் அவருக்கு, துகில் அவளுக்கு. நீறு அவருக்கு, சாந்து அவளுக்கு. சூலம் அவர் கையில், கிளியும் வளையும் அவள் கையில். இதைவிடக் கச்சிதமான கைக்குறிப்பு வேறு இல்லை.

*

கைகளை எண்ணும்போது ஒன்று கவனிக்கவேண்டும். நான்கு கை உள்ள உருவங்கள் உண்டு, இரண்டு கை உள்ளவையும் உண்டு. மூன்று கை என்றால் உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள், இல்லை. சிவப்பாதிக்கு இரண்டு, உமைப்பாதிக்கு ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டுச் செப்புத் திருமேனி அப்படித்தான், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. வலப்பக்கம் ஒரு கையில் மழு, அதாவது கோடரி. இன்னொரு வலக்கை அந்தரத்தில் மடங்கி நிற்கிறதே, எதற்கு? அது காளையின் மேல் சாய்ந்திருக்க வேண்டிய கை. காளை இப்போது இல்லை. காளையை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் உடம்பின் ஒசிவு புரியும்.

இக்காலக் காலண்டர் படங்கள் நட்ட நடுவே கோடு போட்டு, இரண்டு பேரை வெட்டி ஒட்டியதுபோல இருக்கின்றன. நல்ல சிற்பி கோடு தெரியவே விடமாட்டான். தோள் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் சரிவு, முகம் ஒன்றுதான்.

*

சங்கரன்கோவில் படத்தை அர்த்தநாரி என்று பகிர்கிறவர்களுக்கு: அது சங்கரநாராயணர். இடப்பாதியில் இருப்பது திருமால். சங்கு இருக்கிறதா என்று பாருங்கள். மார்பு இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே விபூதியும் கொடுப்பார்கள், துளசித் தீர்த்தமும் கொடுப்பார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மனைவிக்கு உரிய இடப்பக்கத்தில்தான் திருமாலும் நிற்கிறார். அப்பர் திருவையாற்றில் "அரியலால் தேவியில்லை", திருமாலைத் தவிர வேறு தேவி இல்லை, என்று பாடியே வைத்துவிட்டார். இரண்டையும் அருகருகே ஒப்பிட ஆசையென்றால் கர்நாடகத்தில் பாதாமி முதல் குடைவரைக்குப் போகலாம், 6ஆம் நூற்றாண்டு. ஒரே குடைவரையில் ஹரிஹரரும் உண்டு, அர்த்தநாரியும் உண்டு. அர்த்தநாரியின் பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஓர் உருவம் நிற்கும், அதுதான் பிருங்கி. சிவனை மட்டும் சுற்றுவேன் என்று அடம்பிடித்துத் தன் உடம்பின் சதையை அம்மையிடம் இழந்தவர். அந்த எலும்புக்கூடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

*

சந்தனக்காப்பு செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வலப்பாதிக்கு நீறு, இடப்பாதிக்குக் குங்குமம் என்று பிரிக்கும்போது பெரும்பாலும் கெடுவது நடுக்கோட்டில். காப்பு ஈரமாக இருக்கும்போதே குங்குமம் இட்டால் சாயம் ஊறி நீற்றுப் பக்கம் இளஞ்சிவப்பாகிவிடும். சந்தனத்தைக் கெட்டியாக அரைத்துப் பூசி, விரலில் ஒட்டாத அளவு உலரவிட வேண்டும். பிறகு உச்சியிலிருந்து ஒரு நூலைப் பிடித்துக் கோடு பார்த்துக்கொண்டு, முதலில் குங்குமம், கடைசியில் நீறு. நீறு சிந்தினால் ஊதிவிடலாம். குங்குமம் சிந்தினால் அன்றைக்கு அலங்காரம் போச்சு.

உடையில் திருச்செங்கோட்டு முறை எல்லாரும் அறிந்தது: வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலை. சேலைக் கொசுவத்தை நடுவில் வைத்தால் வேட்டியை மூடிவிடும். இடக்காலோடு ஒட்டி விழவேண்டும். வேட்டியை முதலில் கட்டி, அதன் ஓரத்தைச் சேலைக்கு அடியில் செருகினால் நழுவாது.

*

கேதார கௌரி விரதம் 21 நாள் எப்படி, கையில் கட்டும் நூல் காப்பு எப்படி என்று கேட்ட தங்கைக்கு: அம்மை இடப்பாகம் பெற நோற்ற விரதம் என்பதால் இந்தப் பேச்சுக்குப் பொருத்தம்தான். 21 நாள் எப்படி வருகிறது என்றால், புரட்டாசி வளர்பிறைத் தசமியிலிருந்து பௌர்ணமி வரை 6, பிறகு அமாவாசை வரை 15. காப்பு நூல் 21 இழை. அதிரசம், வெற்றிலை, பாக்கு எல்லாம் 21. யாழ்ப்பாணத்தில் முழு நாளும் இருப்பவர்கள் நிறையப் பேர். தமிழ்நாட்டில் பலர் தீபாவளியை ஒட்டிய அமாவாசை ஒரு நாளோடு முடித்துக்கொள்கிறார்கள். காப்பு ஆண்களுக்கு வலக்கையில், பெண்களுக்கு இடக்கையில்.

*

பௌத்தத்தில் இதே கண்ணோடு அவலோகிதர் என்ற போதிசத்துவரைப் பாருங்கள். சீனத்தில் குவான்யின் என்ற பெயரில் வெள்ளாடைப் பெண்ணாகவே அறியப்படுகிறார். ஆனால் அங்குள்ள துன்ஹுவாங் குகையின் தாங் அரசமரபுக் காலத்து ஓவியங்களில் நகை, மாலை, ஒசிந்த இடை எல்லாம் இருக்க, உதட்டுக்கு மேல் மெல்லிய மீசை. நகையைப் பார்த்துப் பெண் என்று எழுதிவிடுவார்கள், மீசையைக் கவனிக்க மாட்டார்கள். பெண்ணுருவம் பரவலானது அதற்குப் பிந்தைய சோங் அரசமரபுக் காலத்திலிருந்து. நம் பக்கத்தில் வீரசோழியம் என்ற இலக்கண நூல் அகத்தியருக்குத் தமிழ் சொல்லித்தந்தவராகச் சொல்வது இதே அவலோகிதரைத்தான்.