வாசிப்பு வட்டத்துக்கு ஒரு மர்ம நாவல் வேணும்
களுவாஞ்சிகுடியில 12 பேர் சேர்ந்து வாசிக்க ஒரு மர்ம நாவல் தேடுறம். கதை சின்ன ஊர்ல நடக்கணும். துப்பறியிறது பெண்ணா இருக்கணும். இன்ஸ்பெக்டருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிற கதாநாயகி வேணாம், முடிச்சை அவளே அவிழ்க்கணும்.

சந்தேகப்பட அஞ்சாறு ஆக்கள் போதும். ஆனா குற்றவாளி முதல் மூணு அத்தியாயத்துக்குள்ள தலைகாட்டியிருக்கணும். கடைசியில புதுசா ஒருத்தன் வந்து மாட்டினா வாசகருக்கு ஊகிக்க என்ன இருக்கு? வாராந்தரத் தொடரா வந்து புத்தகமானதுகள்ல இந்தக் கோளாறு கூட. வாரா வாரம் திடுக்கிட வைக்கிற அவசரத்தில துப்புகள் பாதியில தொங்கிப் போகும்.

200, 250 பக்கம் எண்டா இரண்டு அமர்வுக்குச் சரி. முக்கால்வாசியில நிப்பாட்டி, ஆளாளுக்குச் சந்தேகப் பட்டியல் எழுதுவம்.

தலைப்பு, பதிப்பு ஆண்டு, மட்டக்களப்பு டவுன்ல எங்க கிடைக்கும் எண்டு சொல்லுங்க. முடிவை மட்டும் சொல்லிராதீங்க!