நனைந்த பூட்ஸ், காய்ந்த சாக்ஸ்: பிள்ளையைக் கட்டாயப்படுத்தி விளையாட அனுப்பியவர்கள் எழுதுங்கள்

கோத்தகிரிக்காரி

வணக்கம். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் போர்வைக்குள் புகுந்துகொண்டு கைப்பேசி. கேட்டால் குளிர் என்பான். ஜூன் மாதம், "ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்ந்தே ஆக வேண்டும்" என்று சட்டம் போட்டேன். எது என்று அவன் வாயைத் திறக்கவில்லை. நானே கால்பந்து என்று முடிவு செய்தேன். அவன் அப்பா சின்ன வயதில் ஆடியது கால்பந்து. வேறு காரணம் கிடையாது. குன்னூருக்குப் போய் பூட்ஸ் வாங்கினேன். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்தில்தான் வாங்கினேன்.

திங்கள், புதன், வெள்ளி மாலை நாலரை முதல் ஆறு வரை பயிற்சி. ஆறேகாலுக்கு வீட்டுக்கு வருவான். பூட்ஸ் நனைந்திருக்கும், அடியில் சேறு அப்பியிருக்கும். "எப்படிப் போயிற்று?" "நன்றாகப் போயிற்று." எனக்கும் மனம் குளிர்ந்துவிடும். ஆறாவது வாரம் துவைப்பதற்காக சாக்ஸை எடுத்தேன். முட்டி வரை இழுத்துப் போடுகிற நீல சாக்ஸ். நான் மடித்துக் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. அன்று நாள் முழுக்கத் தூறல். பூட்ஸ் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது உள்ளே இருந்த சாக்ஸ் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

மைதானத்துக்கு அவன் போகவே இல்லை. பூட்ஸைப் பையிலிருந்து எடுத்துத் தெருக்குழாயில் நனைத்து, ஒரு குச்சியால் சேற்றை எடுத்து அடியில் அப்பியிருக்கிறான். மற்ற நேரமெல்லாம் நூலகத்தில். இரண்டு மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்ட பயிற்சியாளர், பையன் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திட்டினேன், அழுதான், அதெல்லாம் நடந்து முடிந்தது. ஆனால் அந்தக் குச்சியை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. எவ்வளவு பொறுமையாக, ஒவ்வொரு இடுக்கிலும் அப்பியிருக்கிறான்!

கட்டாயப்படுத்தியவர்கள், கட்டாயத்துக்கு ஆளானவர்கள் இரு தரப்பும் எழுதுங்கள். அறிவுரை நிறையக் கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையத்தான்

என் மகன் நனைத்தது துண்டை. நீச்சல் வகுப்பு. மோந்து பார்த்தேன், குளோரின் வாசனை இல்லை. உங்கள் பிள்ளையாவது நூலகத்தில் இருந்தான். என் பிள்ளை பரோட்டாக் கடையில்.

வெலிங்டன் வாசி

அப்பா பட்டாளத்துக்காரர். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். காலை ஐந்து மணிக்கு விசில் ஊதுவார். வீட்டுக்குள்ளேயே! ஜனவரியில் புல் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடக்கும். அதன்மேல் நானும் தம்பியும் ஓட வேண்டும். காது மடல் மரத்துப்போகும். வயிற்றுவலி, தலைவலி எல்லாம் சொல்லிப் பார்த்தோம். "ஓடினால் சரியாகிவிடும்" என்பார்.

இன்று எனக்கு நாற்பத்தொன்று. இப்போதும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஓடாவிட்டால் அந்த நாள் ஓடாது. அப்பாவுக்கு நன்றி சொல்லலாம் என்று தொடங்கினால், தம்பி நினைவுக்கு வந்து குறுக்கே நிற்கிறான். அதே விசில், அதே பனி. கல்லூரிக்குப் போன நாளோடு அவன் ஓட்டத்தை நிறுத்தினான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டான். அடுத்த பஸ் வரட்டும் என்று நிற்பான். ஊருக்கு வந்தால் அப்பா இருக்கும் அறையில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டான்.

என்னைக் காட்டி, "பார், கட்டாயப்படுத்தியது பலித்தது" என்று ஊரில் சொல்கிறார்கள். தம்பியைக் காட்டி யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஹட்டிப் பெண்

படிக்கப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது, அக்கா. எங்கள் வீட்டில் என்னை யாரும் விளையாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. விளையாடாதே என்றுதான் கட்டாயப்படுத்தினார்கள்.

எட்டாம் வகுப்பில் 800 மீட்டர் ஓடினேன். மாவட்டப் போட்டிக்கு ஊட்டிக்குப் போய் இரண்டாவதாக வந்தேன். வயதுக்கு வந்தபின், "இனி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் பார்க்க ஓடுவதா?" என்று பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. ஸ்பைக்ஸ் ஷூவை அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு அது பெரிதாக இருந்தது. பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டான். அந்தப் பஞ்சை இன்றும் மறக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். இங்கே எழுதிய எல்லோரும் மகன், தம்பி, பையன் என்றே எழுதியிருக்கிறீர்கள். மகளை அனுப்பலாமா என்று யோசிக்கும்போது கட்டாயம் என்ற சொல் ஏன் யார் வாயிலும் வருவதில்லை? என் மகளுக்கு ஒன்பது வயது, பூப்பந்து ஆடுகிறாள். வாரத்தில் ஒரு நாள் "போகமாட்டேன்" என்பாள். இழுத்துக்கொண்டு போகிறேன். தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும்.

குன்னூர் குசும்பன்

மழையில் பிள்ளையைத் துரத்துகிறவர்கள் கவனத்துக்கு: நம் மலைக்குப் பெருமை சேர்த்த விளையாட்டு ஸ்னூக்கர், மேசைமேல் கோலால் பந்தை இடித்து ஆடுவது. 1882இல் ஊட்டி கிளப்பில்தான் அதற்கு விதிகள் எழுதி ஒட்டினார்கள். கூரைக்குக் கீழே, நனையாமல், நின்றபடியே ஆடலாம். ஊட்டி மழையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

பழைய பி.டி. வாத்தியார், ஊட்டி

முப்பத்துநான்கு வருடம் விசிலோடு வாழ்ந்தவன். வெலிங்டன் வாசி மன்னிக்க வேண்டும், நான் வீட்டுக்குள் ஊதியதில்லை.

பெற்றோர் இரண்டு வகையாக என்னிடம் வருவார்கள். ஒரு வகை, "இவனை விளையாட்டில் இருந்து விட்டுவிடுங்கள், டியூஷன் இருக்கிறது." இன்னொரு வகை சான்றிதழுக்காக வருவது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு என்று எங்கேயோ கேள்விப்பட்டிருப்பார்கள். மாவட்ட அளவில் ஓடினாலே சீட்டு வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அதற்கு எந்தெந்தப் போட்டிகள் செல்லும், எந்த நிலை வரை போக வேண்டும் என்று விளக்கினால் முகம் வாடிவிடும். அடுத்த வாரம் பையன் வரமாட்டான்.

அந்த இரண்டாம் வகையில் ஒருவரை மறக்க முடியாது. மகன் நல்ல ஓட்டக்காரன், பதின்மூன்று வயது. ஒரே வருடத்தில் பனைமரம்போல் வளர்ந்தான். முழங்கால் வலிக்கிறது என்றான். தொட்டுப் பார்த்தேன். முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பின் மேல் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைப்பு. விரல் பட்டதும் துள்ளினான். இது வளரும் வயதில் ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு வருவது. தொடைத் தசையின் நாண் வந்து சேரும் இடத்தில் எலும்பு இன்னும் முற்றியிருக்காது. இழுத்து இழுத்துப் புண்ணாகிவிடும். டாக்டர்கள் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். பயப்படும் நோய் அல்ல. ஓட்டத்தைக் குறைத்து வலிக்கு ஓய்வு கொடுத்தால் வளர்ச்சி நிற்கும்போது பெரும்பாலும் தானே அடங்கும். அப்பாவிடம் சொன்னேன். "நடிக்கிறான் சார்" என்றார். அந்த வலியோடே அவனை மூன்று மாதம் ஓடவைத்தார். பிறகு அவன் படி இறங்கவே கைப்பிடிச் சுவரைப் பிடித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். 1968இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. அந்த ஒலிம்பிக்கில் நீண்ட தூரம் ஓடியவர்கள் மூச்சு முட்டித் திணறினார்கள். கோவையிலிருந்து மாற்றலாகி வந்த மாதமே பிள்ளையை ஓடவிட்டு, "சோம்பேறி, மூச்சு வாங்குகிறான்" என்று திட்டுகிற அப்பாக்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். உடம்பு பழகச் சில வாரமாவது ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது. கோப்பை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளியில் அந்த 60 நிமிடம் எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். என் சர்வீஸில் ஒருவர்கூடத் திருப்பித் தந்ததில்லை.

பூம்பாறைப் பூண்டு

எங்கள் பக்கம், கொடைக்கானலுக்கு அப்பால். நான் படித்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியே இல்லை, ஐயா. பள்ளிக்கு நடை, பூண்டுக் காட்டில் வேலை, விறகு. இப்போது வாசலுக்கே வேன் வருகிறது.

மலையில் சமதரை எங்கே இருக்கிறது? கொஞ்சம் இருந்தால் சீசனில் சுற்றுலா வண்டி நிற்கும். நாங்கள் ஆடியது படிக்கட்டு வயலில். ஓங்கி அடித்தால் பந்து மூன்று படி கீழே போய்விடும். அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும் என்பது சட்டம். அதனால் எங்கள் ஊரில் யாருமே சிக்ஸர் அடித்துப் பழகவில்லை. ஆட்டத்தில் பாதி நேரம் ஒருவன் கீழே பந்து தேடிக்கொண்டிருப்பான், மற்றவர்கள் மேலே நின்று வழி சொல்வார்கள். "இடது பக்கம்டா, அந்தச் செடிக்குள்ளே." அது உடற்பயிற்சி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பத்தொன்பது வயது

நான் கட்டாயத்துக்கு ஆளான தரப்பு. ஏழு வயதில் மேசைப்பந்தில் சேர்த்தார்கள். இரண்டு வருடம் வெறுத்தேன், உண்மை. பதினோரு வயதில் என்றைக்கு என்று தெரியாமல் பிடித்துப்போனது. பந்து மட்டையில் சரியாகப் பட்டால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே போவேன்.

பத்தாம் வகுப்புக்குப் போனேன். "பொதுத் தேர்வு வருடம், மட்டையை எடுத்து வை" என்றார் அப்பா. ஏழு வயதில் அழ அழக் கொண்டுபோய் விட்ட அதே அப்பா. வருடம் முடிந்ததும் தொடரலாம் என்றார். பிறகு பதினொன்று, பன்னிரண்டு, நீட். இப்போது மட்டையின் ரப்பர் காய்ந்து விளிம்பு உரிந்துவிட்டது.

கட்டாயப்படுத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை. சேர்த்தபோதும் என்னைக் கேட்கவில்லை, நிறுத்தியபோதும் கேட்கவில்லை. இரண்டாவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஹட்டிப் பெண்

தங்கை, ரப்பரை மாற்றிக்கொள்ளலாம், கடையில் கிடைக்கும். போய் வாங்கு.

கோத்தகிரிக்காரி

எல்லோருக்கும் நன்றி. தங்கை எழுதியதை அவன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பி.டி. ஐயா, முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன், புடைப்பு எதுவும் இல்லை.

பூட்ஸை நாத்தனார் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். (அவன் காலுக்குச் சரியாக இருக்கிறது. பஞ்சு வைக்கவில்லை.) கால்பந்து இனி இல்லை. ஆனால் வெளியே ஒரு மணி நேரம் என்ற சட்டத்தை நான் விடவில்லை. கைப்பேசி வீட்டில் இருக்கும், அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம், இருட்டுவதற்குள் வர வேண்டும். போன வாரம் இரண்டு நாள் அதுவும் நடக்கவில்லை. கீழே தோட்டத்தில் கரடி நடமாட்டம் என்று சொன்னார்கள். அவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

நேற்று ஆறு மணிக்குத் திரும்பி வந்தான். பள்ளிக்குப் போடும் வெள்ளை சாக்ஸ், கணுக்கால் வரை ஈரம், அதற்கு மேல் முழுக்க ஒட்டுப்புல். பந்து எங்கோ கீழே போயிருக்கிறது, இவன்தான் இறங்கியிருக்கிறான். எங்கே, யாரோடு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கவே அரை மணி நேரம் ஆயிற்று.