கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது: பனிதான் காரணமா?

கட்டபெட்டுவாசி:
வணக்கம். கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் அப்பா கட்டிய பழைய வீடு. போன மாதம் பாதி வீட்டுக்குப் புது ஒயரிங் செய்தோம். ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புது டிபி பாக்ஸ் (லைன்கள் பிரியும் பெட்டி), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (போகும் கரன்ட்டும் திரும்பும் கரன்ட்டும் ஒத்துப்போகாமல் எங்காவது கசிந்தால் தானே விழுந்து லைனை வெட்டும் ஸ்விட்ச்), கீசருக்குத் தனி லைன், வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி. சமையலறையில் மட்டும் பழைய ஒயர்தான். சுவரை உடைக்க அம்மா விடவில்லை.

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்குக் கீசரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடுகிறது. மதியம் லைட், டிவி எல்லாம் ஓடினாலும் ஒன்றும் ஆவதில்லை. எலிமென்ட் ஈரம் வாங்கிவிட்டது என்று கீசரைப் பார்க்க வந்தவர் புதிது மாற்றினார். பணம் போனதுதான் மிச்சம். ஒயரிங் செய்த தம்பியோ, "பனிக்கு அப்படித்தான் இருக்கும் அண்ணா, நாலு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். நாலு நாள் வெயிலுக்கு நான் மேட்டுப்பாளையம்தான் போக வேண்டும்.

கூடலூர் நண்பர்:
எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் இதே தொல்லை. 100 மில்லி ஆம்பியர் போட்டோம், அப்புறம் விழவே இல்லை.

குன்னூர் ஒயர்மேன்:
கூடலூர் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். 100 என்பது கசிவால் தீப்பிடிக்காமல் காக்க. ஆளைக் காக்க 30தான். விழாமல் இருப்பது மட்டுமே குறி என்றால் அதைக் கழற்றியே வைத்துவிடலாமே.

கட்டபெட்டு சார், ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்ன ஸ்விட்ச்) கீழே தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். மதியம் ஒரு முறை, ராத்திரி ஏழு மணிக்கு ஒரு முறை.

கட்டபெட்டுவாசி:
செய்தேன். மதியம் நிற்கிறது. ஏழு மணிக்கு ஏற்றினால் உடனே விழுகிறது! எல்லா எம்.சி.பி.யும் ஆஃப், கீசர் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். எதுவும் ஓடாத வீட்டில் எது கசியும்?

குன்னூர் ஒயர்மேன்:
நினைத்தது சரிதான். உங்கள் நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போகும் ஒயர், எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது.

வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் 'சிங்கிள் போல்' வகை. ஃபேஸை, அதாவது கரன்ட் வரும் ஒயரை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். நியூட்ரலில் கரன்ட் இல்லை என்று நினைப்போம். ஆனால் காலையிலும் மாலையிலும் தெருவே கீசர், ஹீட்டர் போடும்போது அந்த ஒயரிலும் இரண்டு மூன்று வோல்ட் ஏறி நிற்கும். உங்கள் எர்த் குழி வழி 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 வோல்ட்டுக்கே 60 மில்லி ஆம்பியர் மண்ணுக்குள் இறங்கும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம், 30இல் விழுந்தே ஆக வேண்டும். மதியம் லோடு குறைவு, அதனால் நிற்கிறது. 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். நியூட்ரல் வோல்ட்டை அதுவும் ஏற்றிவிடும். பழி கீசர் மேல் விழுந்தது இப்படித்தான். பனிக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு: குழி மண் நனைந்தால் எர்த் நன்றாகப் பிடிக்கும், கசிவும் கூடும்.

மெயினை ஆஃப் செய்து, டெஸ்டரில் பார்த்து உறுதி செய்தபிறகு ஆர்.சி.சி.பி.யையும் இறக்கிவிட்டு, நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று தெரிந்துவிடும். மெயின் ஸ்விட்சுக்கு ஒயர் வரும் முனைகளில், எல்லாவற்றையும் இறக்கியிருந்தாலும் கரன்ட் இருக்கும், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

கட்டபெட்டுவாசி:
கண்டுபிடித்தாயிற்று. நேற்று அந்தத் தம்பியையே கூப்பிட்டேன். மீட்டரில் 0.4 ஓம், கிட்டத்தட்ட நேரடி இணைப்பு. வரிசையாகக் கழற்றிக்கொண்டே போனார். சமையலறை நியூட்ரலை எடுத்ததும் மீட்டர் மேலே போய்விட்டது. கிரைண்டர் பாயின்ட்டைத் திறந்தால், அப்பா காலத்தில் யாரோ நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்கு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அன்று வீட்டில் எர்த் கிடையாது அல்லவா. போன மாதம் தம்பி அதே பின்னில் புது எர்த் ஒயரையும் சேர்த்திருக்கிறார், பழைய துண்டை எடுக்கவில்லை. "பார்த்தேன் அண்ணா, அதுவும் எர்த்தான் என்று நினைத்தேன்" என்றார். பாவம், முகமே வாடிவிட்டது.

துண்டை எடுத்தாயிற்று. இன்று காலை ஆறு மணி, நல்ல பனி, கீசர் ஓடியது, ஆர்.சி.சி.பி. அசையவில்லை. எலிமென்ட் காசை மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கொடைக்கானலிலிருந்து:
எங்கள் வீட்டில் பழைய பாயின்ட் எல்லாமே இப்படித்தான் முடிச்சுப் போட்டிருக்கிறது. ஆர்.சி.சி.பி. இல்லை, அதனால் தொல்லையும் இல்லை. அப்படியே விடலாமா?

குன்னூர் ஒயர்மேன்:
விடாதீர்கள். வெளியே நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால், போட்டிருக்கும் பல்பு வழியாக 230 வோல்ட்டும் அந்த முடிச்சின் வழியே கிரைண்டர் உடம்புக்கு வந்து நிற்கும். சரி, முதலில் உங்களிடம் எர்த் குழி இருக்கிறதா, சொல்லுங்கள்.